ஹார்ன் இல்லாமல் கோட்டக்குப்பம் வரை

மரக்காணம்
12 ஜூலை 2005

மச்சான், ஸலாம்.

நான்தான், சாயிரா. ஆமா, தமிழ்லயே! பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பரத் அண்ணன் பிரவுசிங் சென்டர் வச்சிருக்காருல்ல, அங்க உக்காந்து நானே டைப் பண்றேன். யாரும் சொல்லிக் குடுக்கல. எந்த கீயைத் தட்டுனா எந்த எழுத்து வருதுன்னு ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தே கத்துக்கிட்டேன். 'ழ' எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போச்சு. அத்தாகிட்ட கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லியிருக்கேன். அம்மாவுக்கு உண்மை தெரியும். அத்தாவுக்கு, தெரியாத மாதிரி தெரியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து கோட்டக்குப்பத்துலேர்ந்து குவைத் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. அத்தா சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அவங்க போனதும் அம்மாகிட்ட பேசுனதை கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்.

"முஜீப் என் அக்கா மவன்தான், இல்லேங்கல. மூணு தடவை ஃபெயிலானான், அதுகூட பரவால்ல. நாலாவது தடவை போவவே மாட்டேங்கிறானே! போன வருஷத்துலேர்ந்து அடுத்த மாசம், அடுத்த மாசம்ங்கிறான். இந்த நோம்புப் பெருநா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள லைசென்ஸ் எடுக்கலன்னா பேசி வச்சதை மறந்துட வேண்டியதுதான்."

அப்படி சொன்னப்போ அத்தா குரல்ல கோவமே இல்ல மச்சான். அதான் எனக்கு பயமா இருக்குது.

ஆனா கவலைப்படாதீங்க. என்கிட்ட ஒரு தலைவர் இருக்காரு! நெட்ல 'நாளைக்கொல்லி'ங்கிற பேர்ல எழுதுறாரு. வேலையைத் தள்ளிப் போடுறதை எப்படி நிறுத்துறது, பழக்கத்தை எப்படி மாத்துறதுன்னு மட்டும்தான் எழுதுவாரு. முழு பிளாகையும் ரெண்டு தடவை படிச்சுட்டேன். ஒரு தடவை நான் போட்ட கமெண்ட்டுக்கு "நன்றி சகோதரி, தொடர்ந்து படியுங்கள்"னு பதில் போட்டாரு. பரத் அண்ணன்கிட்ட கெஞ்சி அதை பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.

அவரு சொல்றது ரெண்டு. ஒண்ணு, செய்ய வேண்டியதை எழுதி கண்ணாடியில ஒட்டணும். ரெண்டு, முழு வேலையையும் நெனைக்கக் கூடாது, வாசல் வரைக்கும் போனா போதும். அதனால நீங்க டெஸ்ட்டை நெனைக்காதீங்க. தினமும் காலையில டிரைவிங் ஸ்கூல் கேட்டுக்குப் போய் நில்லுங்க. நின்னுக்கிட்டு அம்மா செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. அவ்ளோதான். நான் என் பங்குக்கு நகம் கடிக்கிறதை விடுறேன். டீலா?

சாயிரா

*

ஷார்ஜா
19 ஜூலை 2005

அன்புள்ள சாயிராவுக்கு முஜீப் ரஹ்மான் எழுதுவது.

உன் கடிதத்தை அறை நண்பனின் கம்ப்யூட்டரில் படித்தேன். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் பாதியை அவசர அவசரமாகவும் மீதியை அவன் கழிவறைக்குப் போன நேரத்திலும் படிக்க வேண்டியதாயிற்று.

மாமா சொன்னதில் தப்பில்லை. இங்கே என் நிலைமையை உனக்குச் சொல்கிறேன். பிஸ்கட், ஜூஸ் எல்லாம் கடை கடையாகப் போடும் வேனில் நான் இன்னும் ஹெல்பர்தான். ஓட்டுவது ஒரு மலையாளி அண்ணன். பெருநாள் கழித்து கம்பெனிக்குப் புது வேன் வருகிறது. லைசென்ஸ் இருந்தால் அது எனக்கு, அதோடு ஃபேமிலி விசாவுக்கும் கையெழுத்துப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆள் எடுப்பார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெயில் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் பார்க்கிறேன். இப்போது வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெந்துவிடும்.

நீ சொன்னபடி ‘லைசென்ஸ்’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். மறுநாள் அதன் கீழே யாரோ ‘முதலில் பாத்ரூமைக் கழுவு’ என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் ‘வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடு’. இப்போது அந்தத் தாளில் என் வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மிஸ்டு கால் விஷயம் சரி. நாளையிலிருந்து தருகிறேன். வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு, அன்று எதிர்பார்க்காதே.

நகத்தை விட்டுவிடு. நல்ல நகம்.

முஜீப்

*

மரக்காணம்
2 ஆகஸ்ட் 2005

மச்சான்!

வருது, வருது, தினமும் வருது! காலையில டீ போடும்போது அம்மா செல்லு ரெண்டு ரிங் அடிச்சு நிக்கும். "உன் ஆளு கேட்டுல நிக்கிறான்டி"ம்பாங்க அம்மா. நான் உடனே வெளிய போய் நிப்பேன். வீட்டுக்கு எதிர்ல உப்பளம் வெயில்ல கண்ணு கூசும். நீங்களும் அதே வெயில்ல நிக்கிறீங்கன்னு நெனச்சுக்குவேன்.

உப்பு வாருற அருக்காணி அக்கா நேத்து கேட்டாங்க, "என்னாடி, தெனம் காலையில வெளிய வந்து நின்னு பல்லைக் காட்டுற?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரு ஆராய்ச்சி. நீங்க எப்படிக்கா தினமும் இருட்டுலயே எழுந்து வர்றீங்க? சோம்பேறித்தனமா இருக்காதா?"

"இருக்கும். ஆனா நான் வர்லன்னா எங்கூட கூடை தூக்குறவ தனியா நின்னு என் பரம்பரையையே திட்டுவா. அதைக் கேக்குறதுக்கு எழுந்து வந்துடலாம்."

இதை தலைவரோட பிளாக்ல கமெண்ட்டா போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அத்தாகிட்ட சொல்லிட்டேன்! "மச்சான் தினமும் ஸ்கூலுக்குப் போறாரு"ன்னு. அத்தா உப்பு மூட்டைக்கு சாக்கு எண்ணிக்கிட்டு இருந்தாரு. நிமிர்ந்து பாத்து, "நெசமாவா?"ன்னாரு. எண்ணுனது மறந்துபோய் மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணுனாரு. கோவிக்கவே இல்ல.

சாயிரா

*

மரக்காணம்
6 ஆகஸ்ட் 2005

நேத்து வெள்ளிக்கிழமை.

நேத்தும் மிஸ்டு கால் வந்துச்சு.

ஸ்கூல் லீவுன்னு நீங்கதான் எழுதியிருந்தீங்க. லீவு நாள்ல எந்த கேட்டுல நின்னீங்க? அம்மா சிரிச்சுக்கிட்டே "இன்னிக்கும் நிக்கிறான் பாரு"ன்னாங்க. நான் டீயை அப்படியே வச்சுட்டு காலண்டரைப் போய் பாத்தேன்.

என்கிட்ட பொய் சொன்னா நான் திட்டிட்டு மறந்துடுவேன். ஆனா நான் அத்தாகிட்ட சொல்லிட்டேனே. நீங்க சொன்ன பொய்யை நான் போய் சொல்லியிருக்கேன். அவரு சாக்கை மறுபடியும் எண்ணுனாரே.

இனிமே மிஸ்டு கால் குடுக்காதீங்க. ஏன் போவலன்னு மட்டும் எழுதுங்க. எழுத முடியலன்னா எதுவும் எழுதாதீங்க.

*

ஷார்ஜா
20 ஆகஸ்ட் 2005

சாயிராவுக்கு,

இரண்டு வாரமாக இதை எழுதி எழுதி அழிக்கிறேன்.

நீ கண்டுபிடித்தது உண்மை. வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா நாளும் படுக்கையிலிருந்துதான் கொடுத்தேன். முதல் நாள் நிஜமாகவே கேட் வரை போனேன். அங்கே நின்று உனக்கு மிஸ்டு கால் கொடுத்ததும், ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்ட மாதிரி மனசு லேசாகிவிட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் தோன்றியது: லேசாவதற்கு மிஸ்டு கால் போதுமே, கேட் எதற்கு?

ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறாய். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். மூன்று தடவையும் நான் ஃபெயிலானது ஹார்னால்.

இங்கே யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. அடித்தால் திட்டுவதற்குச் சமம். டெஸ்ட் எடுக்கும் போலீஸ் ஆபீஸர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், பின்னால் இன்னும் மூன்று பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். முதல் தடவை ஒரு வளைவில் என் கை தானாகப் போய் அடித்தது. அவர் திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஹார்ன் க்யோன்?" என்று இந்தியில் கேட்டார், எதற்கு அடித்தாய் என்று. இறக்கிவிட்டார். இரண்டாவது தடவை, நடைபாதையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து அடித்தேன். மூன்றாவது தடவைதான் கொடுமை. எதிரே ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ரோடு காலியாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அடித்துவிட்டேன். பின் சீட்டில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாமாவின் மினி லாரியில் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் ஓட்டப் பழகியவன் நான். "ஈர உப்புடா, வண்டி சொன்ன இடத்துல நிக்காது. பிரேக்கை நம்பாத, ஹார்ன்லேர்ந்து கையை எடுக்காத" என்று மாமா தினமும் சொல்லி அனுப்புவார். எடுக்காமல்தான் ஓட்டினேன். நான்கு வருஷம். இப்போது அந்தக் கை என் பேச்சைக் கேட்பதில்லை. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வேன்? நீங்கள் பழக்கியதால் ஃபெயிலானேன் என்றா?

இந்தப் பழக்கம் போனபிறகு டெஸ்டுக்குப் போகலாம் என்று காத்திருக்கிறேன். அறையில் படுத்துக்கொண்டிருந்தால் எப்படிப் போகும் என்று கேட்காதே. அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டு, பதில் வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

முஜீப்

*

மரக்காணம்
29 ஆகஸ்ட் 2005

மச்சான்,

நான் சிரிக்கல.

பொய். சிரிச்சேன். அந்த மூணாவது தடவையைப் படிச்சுட்டு பரத் அண்ணன் எழுந்து வந்து பாக்குற அளவுக்கு சிரிச்சேன். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எனக்கு ஒரே குறுகுறுப்பு. கைக்கு மட்டும் தனியா ஒரு மூளை இருக்குதா என்ன? எப்படி அது உங்களைக் கேக்காம போவுது?

என் நகக் கதையை சொல்றேன், கேளுங்க. வேப்பெண்ணெய் தடவிப் பாத்தேன். கசந்துச்சு, கடிக்கல. சந்தோஷமா ரெண்டு நாள் போச்சு. மூணாவது நாள் அம்மா கத்துறாங்க, "ஏய், துப்பட்டா நுனியெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கே, எலி கடிச்சுதா?" எலி நான்தான்! நகத்தை விட்ட வாய் துப்பட்டாவுக்குப் போயிருக்குது, எனக்கே தெரியல. அப்பதான் தோணுச்சு. கடிக்காதேன்னு சொன்னா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, வேற வேலை தேடிக்குது. அப்போ ஹார்ன் அடிக்காதேன்னு சொன்னா கை எங்க போவும்? இதைத் தெரிஞ்சுக்காம எனக்கு சோறு எறங்கல.

அதனால ஒரு காரியம் பண்ணேன். அத்தாகிட்ட சொல்லிடாதீங்க.

வியாழக்கிழமை நம்ம மினி லாரி கோட்டக்குப்பத்துக்கு உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு கெளம்புச்சு. இருசப்பன் அண்ணன்தான் ஓட்டுறாரு. அங்க இருக்கிற மாமியை, உங்க அம்மாவைப் பாக்கணும்னு சொல்லி நானும் அம்மாவும் முன்னாடி ஏறிக்கிட்டோம்.

"அண்ணே, ஒரு பந்தயம். கோட்டக்குப்பம் வரைக்கும் ஹார்ன் அடிக்காம ஓட்டுவீங்களா?"

"அதென்னாம்மா பெரிய விஷயம்? வாயை மூடிக்கிட்டு ஓட்டுன்னு சொன்னாதான் கஷ்டம்"னாரு. சொல்லிக்கிட்டே வண்டியை எடுத்தாரு. பாம்!

"அண்ணே!"

"அது ஹார்ன் இல்லம்மா. கெளம்புறேன்னு சொன்னேன்."

உப்பளத்து மண் ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள நாலஞ்சு தடவை அடிச்சுட்டாரு. ஒவ்வொரு தடவையும் "இது கணக்குல வராது"ம்பாரு. கடைசியா அவருக்கே ரோஷம் வந்துருச்சு. எறங்கிப் போய் ஹார்ன் ஒயரைப் புடுங்கி விட்டாரு. "இப்போ பாரு"ன்னாரு.

கொஞ்ச தூரத்துல அருக்காணி அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் கூடையோட நடு ரோட்டுல போறாங்க. அண்ணன் ஹார்ன் மேல கையை வச்சு அமுக்குறாரு, அமுக்குறாரு, சத்தம் வரல. வண்டி அவங்க முதுகுப் பக்கம் போய் நின்னப்பறம்தான் திரும்பிப் பாத்தாங்க. அருக்காணி அக்கா கூடையைக் கீழ வச்சுட்டு, "என்னா இருசப்பா, வண்டியைத் திருடிக்கிட்டு ஓடுறியா? பூனை மாதிரி வர்ற!"ன்னாங்க. அண்ணனுக்கு மொகம் செவந்துருச்சு.

அனுமந்தையில ரோட்டு ஓரமா மீன் ஏலம். ஒரே கூட்டம். ஹார்ன் இல்ல. அப்போ என்னா நடந்துச்சு தெரியுமா? அண்ணன் தலையை வெளிய நீட்டி, வாயாலயே! "ஏய்! ஏம்பா! ஓரம் போ! காது கேக்கலயா, உன்னைத்தான்யா!" கூடவே ரெண்டு மூணு கெட்ட வார்த்தையும் வந்துச்சு. அம்மா என் காதைப் பொத்துனாங்க. நான் கையைத் தட்டிவிட்டுட்டு கவனிச்சேன். துப்பட்டா கதைதான் மச்சான்! கையை நிறுத்துனா வாய்க்குப் போவுது!

ஆனா வாய்க்கு ஒரு தொல்லை இருக்குதே, தொண்டை கட்டிக்கும். காலாப்பட்டு தாண்டுனதும் அண்ணனுக்குக் குரல் போச்சு. காத்துதான் வருது. பெரிய முதலியார்சாவடி கிட்ட வெள்ளைக்காரங்க மொபெட்ல குறுக்கும் நெடுக்கும் போறாங்க. நான் அவரு மொகத்தைப் பாக்கல, கையைப் பாக்கல, காலை மட்டும் பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு மொபெட்டு திரும்புச்சு. அண்ணன் கால் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து லேசா மேல வந்துச்சு. வண்டி தளர்ந்துச்சு. மொபெட்டு போச்சு. கால் மறுபடியும் எறங்குச்சு. அடுத்த வளைவுலயும் அப்படியே. அதுக்கடுத்ததுலயும்.

அவருக்கே தெரிஞ்சு போச்சு. கம்மிப் போன குரல்ல, "ஏம்மா, கால் தானா மேல வருதே"ன்னாரு. என்னமோ அது வேற யாரோட காலோங்கிற மாதிரி குனிஞ்சு பாத்தாரு.

கோட்டக்குப்பத்துல உப்பு எறக்குற கடைக்குப் போய் சேர ரொம்ப லேட்டு. அங்க அத்தா முன்னாடியே பஸ்ல வந்து நிக்கிறாரு. "ஏன்யா இவ்ளோ நேரம்?" "ஹார்ன் போயிடுச்சு பாய்." "குரலுக்கு என்னா?" "அதுவும் போயிடுச்சு பாய்."

மச்சான், பழக்கம் போனப்பறம் போவலாம்னு காத்திருக்கீங்களே. அது போவாது. அது உக்காந்திருக்கிற எடத்துல வேற ஒண்ணை உக்கார வைக்கணும். உங்க கையைத் திட்டாதீங்க. காலுக்கு வேலை குடுங்க. எதைப் பாத்தா கை ஹார்னுக்குப் போவுதோ, அதைப் பாத்ததும் கால் மேல வரணும். இது தலைவர் எழுதுனது இல்ல. நானே பாத்தது.

தலைவர் இப்போ எழுதுறதே இல்ல. 'அடுத்த வாரம் சந்திப்போம்'னு போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆவுது.

சாயிரா

*

ஷார்ஜா
14 செப்டம்பர் 2005

அன்புள்ள சாயிரா,

இருசப்பன் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர் தொண்டைக்கு என்னால் ஆனது, ஒரு இருமல் மருந்து பாட்டிலை ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

எனக்கு ஓட்ட வண்டி கிடையாது. அதனால் ஹெல்பர் சீட்டிலேயே ஆரம்பித்தேன். மலையாளி அண்ணன் ஓட்டும்போது நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, குறுக்கே எது வந்தாலும் என் வலது காலைத் தூக்கினேன். முதல் நாள் எனக்குக் கால் ஞாபகமே வரவில்லை, கைதான் டாஷ்போர்டைத் தட்டியது. நாலைந்து நாள் போனபிறகு கால் கொஞ்சம் பேச்சைக் கேட்டது. ஒரு வாரம் கழித்து அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார், "எந்தா முஜீபே, நான் ஓட்டுறதைப் பாத்து உனக்கு அவ்ளோ பயமா? நானும் பாக்குறேன், நீ எப்போ பாத்தாலும் காலைத் தூக்கிக்கிற!" விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து, குறுக்கே யாராவது வந்தால் அவரே "கால்!" என்று கத்துகிறார். ஹார்னைவிட அது சத்தம்.

இனி முக்கியமானது. போன செவ்வாய்க்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். உள்ளே. பழைய ஃபைல் காலாவதியாகியிருந்தது. புதிதாகத் திறந்தேன். கண் டெஸ்ட் முடிந்தது. கிளாஸ் ஆரம்பித்துவிட்டது. ரோடு டெஸ்ட் அக்டோபர் பதினெட்டு, நோன்பு மாதத்தில்.

போகும்போது உனக்கு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும் போல் இருந்தது. ஃபோனை வெளியே எடுத்தேன். கொடுத்தால் திரும்பிவிடுவேனோ என்று பயம் வந்தது. பாக்கெட்டில் போட்டுவிட்டேன். அதனால்தான் எட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

முஜீப்

*

மரக்காணம்
3 அக்டோபர் 2005

மச்சான்,

மழை வந்துருச்சு. குவிச்சு வச்ச உப்பு மேல எல்லாரும் ஓலை போட்டு மூடிக்கிட்டு இருக்காங்க. இனிமே தை மாசம் வரைக்கும் உப்பளம் வெறும் தண்ணிதான். அத்தாவுக்கு வீட்டுல உக்காந்து யோசிக்க நேரம் நெறைய கெடைக்குது, அதான் கஷ்டம்.

குவைத் வீட்டுக்காரங்க மறுபடியும் ஆள் விட்டாங்க. பெருநாளுக்கு அந்த மாப்பிள்ளை லீவுல வர்றாராம். வந்ததும் முடிவு வேணுமாம்.

நான் அத்தாகிட்ட உண்மையை சொல்லிட்டேன். ஆகஸ்ட்ல நீங்க ஸ்கூலுக்குப் போவல, நான் சொன்னது தப்புன்னு. ஹார்னைப் பத்தி சொல்லல. அது நீங்க சொல்ல வேண்டியது. அத்தா என்னை நிமிர்ந்து பாத்து, "அப்போ இப்பயாவது போறானா?"ன்னு கேட்டாரு. "அவருகிட்டயே கேளுங்க அத்தா"ன்னேன். "நான் ஏன் கேக்கணும்? சொல்ல வேண்டியவன் சொல்லட்டும்"னாரு.

போன தடவையெல்லாம் நான் நெறைய ஐடியா குடுத்தேன். இந்தத் தடவை என்கிட்ட ஒண்ணும் இல்ல. தொழுதுட்டு கேக்குற துஆ மட்டும்தான் இருக்குது.

துப்பட்டா கடிக்கிறதுக்குப் பதிலா இப்போ கையில ஒரு தஸ்பீஹ் மணிமாலை வச்சுக்கிட்டு உருட்டுறேன். மாமி பாத்துட்டு, "மாஷா அல்லாஹ், புள்ளைக்கு எவ்ளோ பக்தி"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் மறுத்துப் பேசல.

சாயிரா

*

ஷார்ஜா
19 அக்டோபர் 2005

சாயிரா,

நேற்று ஃபெயிலாகிவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஹார்ன் அடிக்கவில்லை. ஒரு தடவைகூட. வளைவு வந்தது, கால் மேலே வந்தது. ஒரு பையன் சைக்கிளில் குறுக்கே போனான், கால் மேலே வந்தது. எனக்குள்ளே அழுகை மாதிரி ஒரு சந்தோஷம். அப்போது ஒரு ரவுண்டானா வந்தது. உள்ளே சுற்றுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். விட்டேன். அடுத்தது வந்தது, அதற்கும் விட்டேன். அதற்கடுத்தது தூரத்தில் வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தும் என் கால் மேலே வந்துவிட்டது. சாயிரா, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் என் பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்தான். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் என்னைப் பார்த்து ஒருவன் ஹார்ன் அடித்தது அதுதான் முதல் தடவை. ஆபீஸருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாதான் ஓட்டுற. ஆனா போகவும் வேணும்ல?" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஃபெயில் போட்டார்.

இறங்கியதும் என் கால்கள் பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போயின. வீட்டுக்குப் போய்ப் படுத்து, பெருநாள் கழித்து யோசிக்கலாம் என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், மூன்று தடவையும் அதே குரல்தான். பஸ் வந்தது. ஏறவில்லை. ஸ்கூலுக்குத் திரும்பிப் போய், வியர்த்த சட்டையோடு, அதே கவுண்ட்டரில் அடுத்த தேதிக்கு நின்றேன். நவம்பர் பதினைந்து கிடைத்தது. பெருநாளுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இல்லை. கேட்டுப் பார்த்தேன், இல்லை.

வெளியே வந்து மாமாவுக்கு ஃபோன் போட்டேன். மிஸ்டு கால் இல்லை. நோன்பு நேரம், நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன், ஹார்ன் உட்பட. லைன் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். கடைசியில் "வச்சுடு, பில் ஏறும்" என்றார்.

அவ்வளவுதான். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

முஜீப்

*

மரக்காணம்
22 அக்டோபர் 2005

மச்சான், ஸலாம்.

உங்க ஃபோன் வந்தப்போ நான் அத்தா பக்கத்துலதான் நின்னேன். ஃபோனை வச்சதும் அத்தா எழுந்து வீட்டுக்குள்ள போனாரு, திரும்பி வந்தாரு, மறுபடியும் போனாரு. அஸர் தொழுதுட்டு வந்து என்னைக் கூப்புட்டாரு. நான் குவைத் பேச்சுதான்னு நெனச்சேன். கையில தஸ்பீஹ் அப்படியே நின்னு போச்சு.

"அந்த ரவுண்டானான்னா என்னாது?"ன்னு கேட்டாரு.

எனக்குப் புரியல. "என்னா அத்தா?"

"உன் மச்சான் சொன்னான்ல, சுத்தி சுத்திப் போறது. நம்ம மரக்காணத்துல அப்படி ஒண்ணு இல்லியே. வரைஞ்சு காட்டு."

நெட்ல பாத்திருக்கேன்ல, அதனால தெரியும். ஓலை மூடியிருக்கிற உப்புக் குவியலைச் சுத்தி ஈர மண்ணுல குச்சியால கோடு போட்டேன். இது வெளியிலேர்ந்து வர்ற ரோடு, உள்ள இருக்கிறவனுக்குத்தான் வழி, ஆனா நம்ம ஊர் மாதிரி இல்ல, அங்க வண்டியெல்லாம் வலது பக்கம், சுத்துறதும் எதிர்ப் பக்கம்னு சொன்னேன். அத்தா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கோட்டுல நடந்தாரு. நெசமா மச்சான், நோம்போட! நான்தான் உள்ள சுத்துற வண்டி. ரெண்டு தடவை என் மேல மோதுனாரு. மூணாவது தடவை எந்தப் பக்கம் பாக்கிறதுன்னு தெரியாம நடுவுலயே நின்னுட்டாரு. அந்த நேரம் பாத்து இருசப்பன் அண்ணன் வந்து, "என்னா பாய், எதைத் தொலைச்சீங்க?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணும் தொலைக்கல, போய்யா"ன்னாரு அத்தா. அப்புறம் என்னைப் பாத்து, "இதுல நானா இருந்தா பத்து தடவை ஃபெயிலாவேன்"ன்னாரு.

மழைத் தண்ணி பாத்தி பாத்தியா நின்னுச்சு. அத்தா அதைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "பாஸாயிட்டு ஃபோன் பண்றது யாரு வேணா பண்ணுவான். இவன் ஃபெயிலாயிட்டு, சட்டை காயிறதுக்குள்ள பண்ணியிருக்கான். அதுவும் என் ஹார்னாலன்னு எங்கிட்டயே சொல்லிட்டான், பாரேன்!" சொல்லிட்டு சிரிச்சாரு. எனக்கு சிரிக்கத் தெரியல, அழுதுட்டேன்.

நேத்து குவைத் வீட்டு ஆளு வந்தாரு. அத்தா உள்ளகூட கூப்புடல, வாசல்லயே நின்னு சொல்லி அனுப்பிட்டாரு. "பொண்ணுக்கு ஏற்கனவே பேசி முடிச்சாச்சுங்க. மாப்பிள்ளைக்கு நவம்பர் பதினஞ்சு ஒரு வேலை இருக்குது. அது முடிஞ்சா தேதி வைப்போம். முடியலன்னா அதுக்கு அடுத்த தேதி."

புது வேன் உங்களுக்குக் கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது மச்சான். பெருநா கழிச்சுத்தான் வருதுன்னீங்க, எத்தனை நாள் கழிச்சுன்னு மேனேஜர்கிட்ட நீங்கதான் கேக்கணும். இன்னிக்கே கேளுங்க.

பதினஞ்சாம் தேதி பாஸானா சொல்லுங்க. ஆகலன்னா அதையும் அன்னிக்கே சொல்லுங்க. அத்தா ஃபோன் பக்கத்துலதான் இருப்பாரு.

உங்க சாயிரா